டோக்கியோ கின்சா வழித்தடத்தின் 1000 வரிசை ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பர் 30 அன்று டோக்கியோவில் உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையே 2.2 கி.மீ. தூரத்துக்கு ஓடத் தொடங்கியது. இன்றைய கின்சா வழித்தடம் அதிலிருந்து வளர்ந்தது. இப்போது அதில் ஓடும் 1000 வரிசை ரயில் 2012 ஏப்ரலில் அறிமுகமானது. மோட்டார், பிரேக், சக்கர அமைப்பு எல்லாமே இந்தக் காலத்தவை. ஆனால் ரயிலின் நீளம், அகலம், மின்னழுத்தம் ஆகியவற்றை அன்று தோண்டிய சுரங்கமே முடிவுசெய்துவிட்டது. நகரத்தின் நடுவே இருக்கும் சுரங்கத்தை அகலப்படுத்த முடியாது, வளைவுகளையும் நிமிர்த்த முடியாது. அதனால் மாற வேண்டியது ரயில்தான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த நெருக்கடியைச் சுற்றியே வரும்.

ரயில் எவ்வளவு பெரியது? மற்ற டோக்கியோ ரயில்களைவிட ஏன் சின்னதாக இருக்கிறது?

ஒரு பெட்டியின் நீளம் 16 மீட்டர், அகலம் சுமார் 2.55 மீட்டர். ஆறு பெட்டிகள் சேர்ந்தால் 96 மீட்டர். டோக்கியோவின் பிற்காலச் சுரங்க வழித்தடங்கள் பலவற்றில் 20 மீட்டர் பெட்டிகள் பத்து சேர்ந்து ஓடுகின்றன; அதாவது இதைப்போல இரண்டு மடங்கு நீளம்.

1927இல் சாலையை மேலிருந்து வெட்டித் திறந்து, சுரங்கப் பெட்டகம் கட்டி, மறுபடி மூடும் முறையில்தான் வேலை நடந்தது. ஆழமும் அகலமும் கூடினால் செலவும் கூடும். மேலே கம்பி கட்டாமல் தண்டவாளத்தின் பக்கத்திலிருந்து மின்சாரம் எடுத்ததால் கூரையின் உயரத்தையும் குறைக்க முடிந்தது. பாதை சாலைகளின் அடியிலேயே போக வேண்டியிருந்ததால், சாலை திரும்பும் இடத்திலெல்லாம் சுரங்கமும் திரும்பியது. நீளமான பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நீட்டிக்கொள்ளும். இந்தச் சுரங்கத்தில் அதற்கு இடமில்லை. எனவே 16 மீட்டர்தான்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில், சற்று உயர்த்திப் பொருத்திய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் நேர் மின்னோட்டம் வருகிறது. பெட்டியின் அடியில் சக்கர அச்சுகள் இரண்டைத் தாங்கும் சக்கரச் சட்டகத்தின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் உலோக ஷூ அந்தத் தண்டவாளத்தின் மேற்பரப்பில் உரசிக்கொண்டே போகும். திரும்பும் மின்னோட்டம் சக்கரங்கள் வழியாக ஓடும் தண்டவாளங்களுக்குப் போய்விடும்.

600 வோல்ட் என்பது இன்றைய அளவில் குறைவு. மோட்டார்களின் மொத்தத் திறனான 1,440 கிலோவாட்டை 600 வோல்ட்டில் எடுத்தால் சுமார் 2,400 ஆம்பியர் பாயும். அதே திறனை 1,500 வோல்ட்டில் எடுத்தால் 960 ஆம்பியர் போதும். மின்னோட்டம் கூடினால் வழியில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும் கூடும். அதனால் துணைமின் நிலையங்களை நெருக்கமாக அமைக்க வேண்டியிருக்கிறது. குறைந்த ஆற்றலில் ஓடும் மோட்டாருக்கு இங்கே கூடுதல் மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது தண்டவாளத்தைத் தொட்டால் என்ன ஆகும்?

உயிர் போகும். நிலையங்களில் அதை நடைமேடைக்கு எதிர்ப்பக்கம்தான் அமைப்பார்கள். மேலே காப்பு மூடியும் இருக்கும். ஆனால் மூடி தவறிக் கை படுவதிலிருந்து காக்கத்தான், ஏறி மிதிப்பதற்கு அல்ல. கைப்பேசியோ பையோ கீழே விழுந்தால் நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். நீளக் கைப்பிடி கொண்ட கருவியால் எடுத்துத் தருவார்கள். ஆள் விழுந்துவிட்டால் நடைமேடையில் இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தானை உடனே அழுத்துங்கள். நீங்கள் குதிக்காதீர்கள்.

உயேனோ பணிமனையில் லெவல் கிராசிங் இருக்கிறதாமே?

உண்மைதான். டோக்கியோவின் சுரங்க ரயில் வலையமைப்பில் பொதுச் சாலை குறுக்கே போகும் லெவல் கிராசிங் அது ஒன்றுதான். உயேனோ பணிமனையின் ஒரு பகுதி தரைமட்டத்திலும் இன்னொரு பகுதி நிலத்தடியிலும் இருக்கிறது. தரைமட்டத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் தடம் ஒரு சாலையைக் கடக்கிறது.

அங்கே தடுப்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வழக்கமான லெவல் கிராசிங்கில் ரயில் வரும்போது சாலையை மட்டும் மூடுவார்கள். இங்கே ரயில் வராத நேரத்தில் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு கதவு மூடியே இருக்கும். மூன்றாவது தண்டவாளம் தரையோடு போவதால், யாரும் சாலையிலிருந்து தடத்துக்குள் நடந்துவிடக் கூடாதே என்பதற்காக. சாலையைக் கடக்கும் துண்டில் மூன்றாவது தண்டவாளமே கிடையாது. ரயில் வரும்போது சாலைத் தடுப்பு இறங்கும், தடத்தின் கதவு திறக்கும். ரயில் ஆர்வலர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். சாலையில் நின்றே பார்க்கலாம்.

பழைய கின்சா ரயில்களில் விளக்கு அணைந்து எரியுமாம். இப்போது ஏன் அப்படி இல்லை?

தடங்கள் பிரியும் இடங்களில் மூன்றாவது தண்டவாளத்தைத் தொடர்ச்சியாகப் போட முடியாது. இடைவெளி விட வேண்டும். பழைய பெட்டிகளில் விளக்குகளுக்கு மின்சாரம் நேரடியாக ஷூவிலிருந்து வந்தது. இடைவெளியில் ஷூ வந்ததும் அந்தப் பெட்டி இருண்டுவிடும். சுவரில் இருந்த சின்ன அவசர விளக்கு மட்டும் ஓரிரு நொடி எரியும். நிலையத்தை நெருங்கும்போதுதான் பெரும்பாலும் இப்படி நடக்கும். அதனால் பழைய பயணிகளுக்கு அது இறங்கத் தயாராகும் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இப்போது விளக்கு, குளிர்சாதனம், கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் துணை இன்வெர்ட்டர் (நேர் மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் கருவி) வழியாகவும் பேட்டரி வழியாகவும் இயங்குகின்றன. ஒரு ஷூ தொடர்பை இழந்தாலும் பயணி உணர்வதில்லை. ஆனாலும் 1000 வரிசையின் கடைசி இரண்டு ரயில்களை, 39ஆவதையும் 40ஆவதையும், பழைய தோற்றத்துக்கு இன்னும் நெருக்கமாகச் செய்திருக்கிறார்கள். பச்சை இருக்கைத் துணி, பழைய பாணி கைப்பிடி, சுவரில் அவசர விளக்கு எல்லாம் உண்டு. விளக்கு அணைந்து எரிவதைச் சிறப்பு நிகழ்ச்சிகளின்போது வேண்டுமென்றே நிகழ்த்திக் காட்டவும் அவற்றில் ஏற்பாடு இருக்கிறது.

வளைவில் ரயில் ஏன் கீச்சிடுகிறது? 1000 வரிசை அதை எப்படிச் சமாளிக்கிறது?

இந்த ரயிலின் வடிவமைப்பில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

ரயிலில் இடது, வலது சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். கின்சா வழித்தடத்தின் கூர்மையான வளைவுகளில் ஆரம் 100 மீட்டருக்கும் குறைவு. 1,435 மி.மீ. அகலப் பாதையில் 100 மீட்டர் ஆரம் என்றால் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 1.4 சதவீதம் நீளம். சக்கரத்தின் ஓடும் பரப்பு சற்றுக் கூம்பாகக் கடையப்பட்டிருப்பதால் மென்மையான வளைவுகளில் இந்த வித்தியாசம் தானாகச் சரியாகிவிடும். இவ்வளவு கூர்மையான வளைவில் சரியாகாது. ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கோணம். சாதாரணச் சட்டகத்தில் முன் அச்சும் பின் அச்சும் எப்போதும் இணையாகவே நிற்கும். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 மீட்டர் ஆர வளைவில் அவை ஒன்றுக்கொன்று 1.1 பாகைக்கு மேல் திரும்பி நின்றால்தான் இரண்டும் வளைவின் மையத்தை நோக்கும். அப்படித் திரும்ப முடியாததால் முன்சக்கரம் தண்டவாளத்தைச் சாய்வாக மோதிக்கொண்டே உருளும். சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தைத் தேய்க்கும். சக்கரம் பக்கவாட்டில் பிடிப்பதும் வழுக்குவதுமாக நொடிக்குப் பல நூறு முறை மாறி மாறி அதிர்வதால்தான் அந்தக் கீச்சொலி வருகிறது. அதோடு தண்டவாளமும் சக்கரமும் தேயும், பக்கவாட்டு விசை கூடும்.

1000 வரிசையின் ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு அச்சுகளில் ஒன்று திரும்பக்கூடியது. வளைவுக்குள் போகும்போது பெட்டியின் உடலுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு கோணம் உண்டாகும் அல்லவா, அந்த அசைவையே இணைப்புத் தண்டுகள் அச்சின் இரு முனைகளுக்கும் கொண்டுபோகின்றன. ஒரு முனை முன்னே நகரும், மறுமுனை பின்னே நகரும். அச்சு வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிவிடும். இதில் மோட்டாரும் இல்லை, உணரியும் இல்லை, கணினியும் இல்லை. வளைவே அச்சைத் திருப்புகிறது. நேர்ப்பாதையில் சட்டகம் திரும்பாததால் அச்சும் அசையாது. ரயில் ஆடாமல் ஓடும்.

ஏன் ஒரு அச்சு மட்டும்? இரண்டையும் திருப்பியிருக்கலாமே?

திரும்பும் அச்சில் மோட்டாரைப் பொருத்தினால் பற்சக்கரப் பெட்டியும் இணைப்பும் அந்த அசைவைத் தாங்க வேண்டும். எடையும் சிக்கலும் கூடும். எனவே திரும்பாத அச்சில் மோட்டாரும் மற்றதில் திருப்பும் அமைப்பும் என்று பிரித்துக்கொண்டார்கள். இதன் விளைவு: சட்டகத்துக்கு ஒரு மோட்டார், பெட்டிக்கு இரண்டு, ஆறு பெட்டிகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 120 கிலோவாட். எல்லாப் பெட்டியிலும் மோட்டார் இருப்பதால் இழுவிசை ரயில் முழுவதும் பரவலாகக் கிடைக்கிறது. எளிமையாகவும் அதிக காலம் பழுதில்லாமலும் இருக்க வேண்டிய பொருளுக்கு இது மிகச் சரியான சமரசம்.

2000ஆம் ஆண்டு ஹிபியா வழித்தட விபத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2000 மார்ச் 8 அன்று ஹிபியா வழித்தடத்தில் நகா-மெகுரோ நிலையத்துக்கு அருகே வளைவில் ஒரு பெட்டி தடம் புரண்டு எதிரே வந்த ரயிலில் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். குறைந்த வேகத்தில் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறியதுதான் நடந்தது. இடது, வலது சக்கரங்கள் மீது விழும் எடை சமமாக இல்லாதது அதற்கான காரணங்களில் ஒன்று.

தண்டவாளத்தை அழுத்தும் எடையைவிடப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஓர் அளவுக்கு மேல் கூடினால் சக்கரம் ஏறத் தொடங்கும். கணக்கு அவ்வளவுதான். அதன் பிறகு ஜப்பான் முழுவதும் இரண்டு நடைமுறைகள் வந்தன. சக்கர எடை வேறுபாட்டை அளந்து 10 சதவீதத்துக்குள் வைத்திருப்பது ஒன்று. ஆரம் 200 மீட்டருக்குக் குறைந்த வளைவுகளில் உள் தண்டவாளத்தை ஒட்டிக் காப்புத் தண்டவாளம் அமைப்பது இன்னொன்று. திரும்பும் அச்சு இதே கணக்கின் மறுபாதியை, பக்கவாட்டு விசையை, குறைக்கிறது.

மோட்டாரில் என்ன புதுமை?

சுழலும் பகுதிக்குள் நிரந்தரக் காந்தங்கள் பதித்த ஒத்தியங்கு மோட்டார் இது. வழக்கமான தூண்டல் மோட்டாரில் சுழலியில் காந்தப்புலத்தை உண்டாக்கவே மின்னோட்டம் வேண்டும். அது வெப்பமாக வீணாகும். இங்கே காந்தம் ஏற்கெனவே இருப்பதால் அந்த இழப்பு இல்லை.

வெப்பம் குறைவு என்பதால் மோட்டாரை முழுக்க மூடிவிடலாம், வெளிக்காற்றை உள்ளே இழுக்கத் தேவையில்லை. சுரங்கத்தில் இதன் பயன் பெரிது. பிரேக் தூசும் இரும்புத் துகளும் உள்ளே போகாது. போனால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்; எடுப்பது பெரும்பாடு. உள்ளே ஊதிச் சுத்தம் செய்யும் வேலை மிச்சம். காற்றாடிச் சத்தமும் வெளியே வராது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி இன்வெர்ட்டர் ஏன்?

தூண்டல் மோட்டார்களில் நான்கை ஓர் இன்வெர்ட்டரோடு சேர்த்து இணைக்கலாம். தேய்மானத்தால் சக்கர விட்டங்கள் சற்று வேறுபட்டாலும், அந்த மோட்டார் இயல்பாகவே கொஞ்சம் பின்தங்கி ஓடக்கூடியது. வித்தியாசத்தை அது ஏற்றுக்கொள்ளும். ஒத்தியங்கு மோட்டார் அப்படி இல்லை. இன்வெர்ட்டர் கொடுக்கும் அதிர்வெண்ணோடு பிசிறில்லாமல் சுழல வேண்டும். வெவ்வேறு விட்டமுள்ள இரண்டு சக்கரங்களை ஒரே அதிர்வெண்ணில் சுழற்ற முயன்றால் ஒன்று மற்றொன்றை எதிர்க்கும். அதனால் பன்னிரண்டு மோட்டாருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. செலவு கூடும், ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால் அதை மட்டும் சரிசெய்யலாம் என்ற நன்மையும் கூட வருகிறது.

ஒரு மோட்டார் பழுதானால்?

அதன் இன்வெர்ட்டரைத் துண்டித்துவிட்டு மற்றவற்றோடு ஓடலாம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ரயில் ஓடும்வரை காந்தமும் சுழன்றுகொண்டேதான் இருக்கும், மின்சாரமும் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். இன்வெர்ட்டரில் மின்கசிவு ஏற்பட்டிருந்தால் அந்த மின்சாரம் அதற்குள் பாய்ந்து கருவியை எரித்துவிடும். எனவே மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு துண்டிப்பான் கட்டாயம். தூண்டல் மோட்டாருக்கு இது தேவைப்படாது. பணிமனையில் சுழலியை வெளியே எடுக்கும்போதும் தனிக் கருவி வேண்டும். காந்தம் சுற்றியுள்ள இரும்போடு ஒட்டிக்கொள்ளும் விசை கையால் தாங்கக்கூடியது அல்ல.

எவ்வளவு வேகமாக ஓடும்? எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

இந்த வழித்தடத்தில் உச்சவேகம் மணிக்கு 65 கி.மீ. சுமார் 14 கி.மீ. நீளத்தில் 19 நிலையங்கள். சராசரியாக 800 மீட்டருக்கு ஒன்று. இங்கே உச்சவேகத்தைவிடக் கிளம்பும் வேகமும் நிற்கும் வேகமும்தான் பயண நேரத்தை முடிவுசெய்கின்றன. தொடக்க முடுக்கம் நொடிக்கு 3.3 கி.மீ./மணி, பத்து நொடியில் 33 கி.மீ. வேகம். வழக்கமான முழு பிரேக் நொடிக்கு 4.0, அவசர பிரேக் 4.5. 65 கி.மீ. வேகத்திலிருந்து முழு பிரேக்கில் நிற்க 16 நொடி, ஏறத்தாழ 147 மீட்டர். அவசர பிரேக்கில் 130 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ரயிலின் நீளமே 96 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். நடைமேடையிலிருந்து தடத்தில் விழுந்தவரை ஓட்டுநர் கண்ணால் பார்த்தபின் நிறுத்துவது ஏன் கடினம் என்று புரியும்.

பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரம் எங்கே போகிறது?

மோட்டார் மின்னாக்கியாக மாறி, மூன்றாவது தண்டவாளத்துக்கே மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அருகில் கிளம்பும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். நெரிசல் நேரத்தில் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதால் வாங்க ஆள் இருக்கும். இரவு நேரத்தில் இருக்காது. அப்போது தண்டவாளத்தின் மின்னழுத்தம் உயரும், இன்வெர்ட்டர் தானே மின்பிரேக்கைக் குறைத்துக்கொள்ளும், குறைந்த அளவைக் காற்று பிரேக் ஈடுகட்டும். மூன்றாவது தண்டவாளத்தின் இடைவெளிகளில் ஷூ தொடர்பை இழக்கும்போதும் இதே மாற்றம் நடக்க வேண்டும். இந்தக் கைமாற்றம் மென்மையாக இல்லாவிட்டால் நிற்பவர்கள் தடுமாறுவார்கள். பிரேக் மென்பொருளின் தரம் தெரிவது இங்கேதான்.

சிக்னல் கம்பங்களே கண்ணில் படவில்லையே?

1993 முதல் வேகக் கட்டளை ஓட்டுநர் அறைக்குள்ளேயே வருகிறது. தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலும் குறியீட்டு மின்னோட்டம் பாயும்; முதல் அச்சுக்கு முன்னால் இருக்கும் ஏற்பி அதைப் படித்து, அனுமதிக்கப்பட்ட வேகத்தை வேகமானியின் ஓரத்தில் காட்டும். மீறினால் பிரேக் தானாகப் பிடிக்கும். வேகம் இறங்கியதும் தானாக விடும்.

அதற்கு முன்பு 1927 முதலே இன்னொரு முறை இருந்தது. சிக்னல் சிவப்பாக இருந்தால் தடத்தோரம் ஓர் உலோகக் கை நிமிர்ந்து நிற்கும். ரயில் மீறிப் போனால் பெட்டியின் அடியில் இருக்கும் நெம்புகோலை அது தட்டும். காற்றுக் குழாய் திறந்து அவசர பிரேக் விழும். 66 ஆண்டுகள் உழைத்த அமைப்பு. அதைக் குறைத்து மதிப்பிட எதுவும் இல்லை.

அப்படியானால் ஓட்டுநருக்கு என்ன வேலை?

நிறைய. இழுவைக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே கைப்பிடி. இரண்டு கைகளாலும் பிடிக்கும் வடிவம். தன்பக்கம் இழுத்தால் ரயில் ஓடும், முன்னே தள்ளினால் பிரேக். இந்தத் திசை யோசித்துச் செய்தது: திடீரென்று ரயில் நின்று உடல் முன்னே சாய்ந்தாலும் கை பிரேக் பக்கமே போகும்.

வேக மாற்றத்தையும் நிலைய எல்லையையும் கதவு விளக்கையும் ஓட்டுநர் விரலால் சுட்டி, உரக்கச் சொல்லி உறுதிசெய்கிறார். வெளிநாட்டவர்களுக்கு இது சடங்காகத் தோன்றும். ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் நடத்திய சோதனையில், எதுவும் செய்யாமல் பொத்தானை அழுத்தியவர்கள் 100க்கு 2.38 முறை தவறினார்கள்; சுட்டியும் சொல்லியும் செய்தவர்கள் 0.38 முறை. கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளின் மேல் குவிவதால் வரும் பலன் இது.

கின்சா வழித்தடத்தில் ஓட்டுநரோடு கடைசிப் பெட்டியில் கார்டும் உண்டு. கதவுகளும் அறிவிப்பும் அவர் பொறுப்பு. பக்கத்து மருநோவுச்சி வழித்தடத்தில் ஓட்டுநர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

நடைமேடைக் கதவுக்கு நேராக எப்படி நிற்கிறது?

நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பிலிருந்து தடத்தின் நடுவே சில தகவல் பட்டைகள் பொருத்தியிருக்கும். ஒவ்வொன்றையும் கடக்கும்போது நிற்க வேண்டிய புள்ளிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது ரயிலுக்குத் தெரியும். அதை வைத்து வேகம் இறங்க வேண்டிய கோட்டைக் கணக்கிட்டு, பிரேக்கின் அளவை ரயிலே கூட்டிக் குறைக்கும். பொதுவாக 35 செ.மீ. பிழைக்குள் நின்றால் கதவுகள் பொருந்தும். மேலே போனால் திறக்காது, ஓட்டுநர் மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். சக்கர விட்டம் கடைசலுக்குப் பிறகு குறையும்போது புதிய அளவைக் கருவியில் பதியாவிட்டால் தூரக் கணக்கு பிசகும். பணிமனை ஊழியர்கள் மறக்கக் கூடாத வேலை இது.

நடுச் சுரங்கத்தில் மின்சாரம் போய்விட்டால்?

1000 வரிசையின் பிற்காலத் தொகுதிகளில் அவசர ஓட்டத்துக்கான லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் அடுத்த நிலையம் வரை போய்விடும். மூன்றாவது தண்டவாளம் இருக்கும் குறுகிய சுரங்கத்தில் பயணிகளை இறக்கி நடக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். 2019இல் மருநோவுச்சியில் வந்த 2000 வரிசை ரயில்களில் தொடக்கத்திலிருந்தே இந்தப் பேட்டரி உண்டு.

ரயிலுக்குள் அவசரம் என்றால் பயணி என்ன செய்ய வேண்டும்?

பெட்டிக்குள் இருக்கும் அவசரப் பொத்தானை அழுத்தி ஊழியரோடு பேசுங்கள். புகை என்றால் அடுத்த பெட்டிக்கு நகர்ந்து இடைக்கதவை மூடுங்கள். 2003இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு ஜப்பான் தன் விதிகளை இறுக்கியது. உருகிச் சொட்டாத கூரைப் பொருள்கள், பெட்டிகளுக்கு இடையே மூடும் கதவுகள் எல்லாம் அதில் அடங்கும். பக்கக் கதவைக் கையால் திறக்கும் நெம்புகோலும் இருக்கிறது. ஊழியர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். வெளியே காலை வைக்கும் இடத்தில் 600 வோல்ட் இருக்கலாம். சுரங்கத்தில் இறங்க வேண்டி வந்தால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ரயிலின் முகப்பில் இருக்கும் கதவைத் திறந்து ஏணி வழியாகத் தடத்தின் நடுவில் இறக்குவார்கள். பக்கவாட்டில் ஆள் நிற்க இடம் குறைவு என்பதால்தான் முகப்பில் கதவு.

குளிர்சாதனம் இவ்வளவு தாமதமாக வந்தது ஏன்?

கூரைக்கு மேல் இடமில்லை. கூரைக்குள் புதைத்தால் பயணியின் தலை இடிக்கும். வெளியேற்றும் வெப்பமும் சுரங்கத்திலேயே தங்கும். எனவே நெடுங்காலம் நிலையங்களையும் சுரங்கத்தையும்தான் குளிர்வித்தார்கள். மெல்லிய குளிர்சாதனக் கருவிகள் வந்த பிறகே, முந்தைய 01 வரிசை ரயில்களில் அதைப் பொருத்த முடிந்தது. மின்பிரேக்கும் திறன்மிக்க மோட்டாரும் சுரங்கத்தில் சேரும் வெப்பத்தைக் குறைத்ததும் இதற்கு உதவியது.

மஞ்சள் நிறம் வண்ணப்பூச்சா?

இல்லை. உடல் அலுமினியம், மேலே எலுமிச்சை மஞ்சள் நிறப் படலம் ஒட்டியிருக்கிறார்கள். 1927இன் முதல் ரயிலும் அதே நிறம்தான். அந்த முதல் பெட்டி இன்று கசாயில் உள்ள சுரங்க ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017இல் ஜப்பான் அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1000 வரிசையின் உள்ளே ஓர் இருக்கைக்கு ஒதுக்கும் அகலத்தை 430இலிருந்து 460 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள். ரயில் ஆர்வலர் சங்கம் தரும் நீலப்பட்டை விருது 2013இல் இதற்குக் கிடைத்தது. சுரங்க ரயிலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

பராமரிப்பு எங்கே, எப்போது?

அன்றாடச் சோதனைகள் உயேனோ பணிமனையில். ஷூவின் தேய்மானம், பிரேக் கட்டை, கதவின் ஓட்டம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குள் ஒருமுறை கருவிகளின் நிலையையும் இயக்கத்தையும் சோதிப்பார்கள். நான்கு ஆண்டு அல்லது 6 லட்சம் கி.மீ., எது முந்துகிறதோ அப்போது, மோட்டார், பிரேக், சட்டகம் போன்ற முக்கியப் பாகங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு ரயிலும் பிரிக்கப்படும்.

பெரிய வேலைகளுக்குக் கின்சா வழித்தடத்தில் இடம் கிடையாது. அகசகா-மித்சுகேயில் ஓர் இணைப்புத் தடம் வழியாக மருநோவுச்சி வழித்தடத்துக்கு மாறி, நகானோ பணிமனைக்குப் போவார்கள். இரண்டு வழித்தடங்களும் ஒரே பாதை அகலம், ஒரே மின்னழுத்தம், ஒரே மூன்றாவது தண்டவாளம் என்பதால் இது முடிகிறது.

மற்ற நிறுவனங்களின் ரயில்கள் இந்தப் பாதையில் ஓடுமா?

ஓடாது. டோக்கியோவின் பல சுரங்க வழித்தடங்களில் புறநகர் ரயில்கள் நேராக உள்ளே வந்து போகின்றன. அவை பெரும்பாலும் 1,067 மி.மீ. பாதை, மேல்கம்பியில் 1,500 வோல்ட். கின்சாவில் இரண்டுமே வேறு. இதனால் புறநகரில் ஏற்படும் தாமதம் இங்கே தொற்றாது என்பது பயணிகளுக்கு நல்லதுதான்.

பழைய ரயில்களை வேறெங்கும் அப்படியே விற்க முடியாது என்பது இதன் மறுபக்கம். 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற 01 வரிசையில் சில பெட்டிகள் குமமோட்டோ மின்சார ரயில் நிறுவனத்துக்குப் போயின. அங்கே ஓடுவதற்காக அவற்றின் சக்கரச் சட்டகங்களை 1,067 மி.மீ. பாதைக்கு மாற்றி, அதுவரை எதுவுமே இல்லாதிருந்த கூரையில் மேல்கம்பியைத் தொடும் மின்சேகரிப்பானைப் பொருத்தினார்கள்.